பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பதினான்காம் பிரிவு. பெயர் இல்லாமல் பதிவான குழந்தையின் பெயரைப் பெற்றோர் பின்னால் வந்து தெரிவித்தால், பதிவாளர் அதைப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்திட வேண்டும். ஒரு வருடத்துக்குள் வந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு சிறிய தாமதக் கட்டணம். பதிவான நாளிலிருந்து பதினைந்து வருடம் வரை நேரம் உண்டு. விதி இவ்வளவுதான். குழந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதவில்லை. இப்படி எழுதாமல் விட்ட இடங்களைக் காட்டித்தான் நான் முப்பத்து நான்கு வருடம் உத்தியோகம் பார்த்தேன்.

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் கொடுத்த ஒவ்வொரு மனுவிலும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, ஓரத்தில் ‘கோப்பில் சேர்க்கவும்’ என்று எழுதிய கை இது. அதற்கு இப்போது உரிமை கொண்டாட முகம் இல்லை. அவர் குடியிருந்த உப்பளம் பகுதியில் அவரை ‘மதாம்’ என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ‘மெக்சிகோ அம்மா’.

பார்த்தால் மெக்சிகோ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம்மைப் போலவே மாநிறம், குள்ளம், அகன்ற முகம், இடுப்பு வரை ஒற்றைப் பின்னல். வாயல் புடவையை ஊர்ப் பெண்களைவிட ஒழுங்காகக் கட்டுவார். பேச ஆரம்பித்தால் சந்தேகம் இன்னும் குறைந்துவிடும். வீராம்பட்டினத்திலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரப் பெண்களிடம்தான் அவர் தமிழ் கற்றார். ஆகவே மரியாதையும் வசவும் ஒரே தட்டில் வரும்.

கணவர் எங்கள் ஊர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர். இங்கே அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்போம். பாரீஸில் ஏதோ உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்த இந்தப் பெண்ணைக் கண்டு கல்யாணம் செய்து அழைத்து வந்தார். வெகு காலம் குழந்தை இல்லை. நாற்பதை ஒட்டி ஒரு பெண் பிறந்தது, ஓர் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி விடியற்காலை. இருபத்தொன்றாம் தேதி காலையில் இறந்தது.

அன்றே சொல்தா எங்கள் ஜன்னலுக்கு வந்து பிறப்பையும் இறப்பையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டுப் போனார். அவர் மனைவி மூன்று வருடம் கழித்துத்தான் முதல்முறையாக வந்தார்.

இரண்டு சான்றிதழ்களையும் ஜன்னல் பலகையில் விரித்து வைத்து, பெயர்க் கட்டத்தில் விரலை ஊன்றினார்.

“இன்னா சார் இது?”

“கோடும்மா.”

“கோடுன்னு எனக்கும் தெரியுது. எம் பொண்ணு பேரு எங்க?”

“தகவல் குடுத்தவரு பேர் சொல்லலைன்னா கோடு போடுவோம். கட்டம் காலியா இருக்கக் கூடாது.”

“தகவல் குடுத்தது எங்க ஊட்டுக்காரரு. அவரு கேட்டாத்தான் வாயத் தொறப்பாரு. யாராச்சும் கேட்டாங்களா?”

நான் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அவர் வந்த காரணம் கல்லறை. தேவாலயப் பங்குக் கல்லறையில் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. இடம் குறைவு. கல் வைக்காத குழியைச் சில வருடம் போனதும் மறுபடி தோண்டி வேறு குழந்தையை வைப்பார்கள். எல்லா ஊர் வழக்கமும் அதுதான். கல் வைக்க வேண்டுமானால் பெயர் போட்ட இறப்புச் சான்றிதழின் நகலைக் காட்ட வேண்டும். கல்லறையைப் பார்த்துக்கொள்பவர் நல்லவர். ஆனாலும் காகிதம் கேட்டார். கோட்டைப் பார்த்துவிட்டு, “மதாம், கோட்ட கல்லுல வெட்ட முடியாது. பேரோட வாங்கியாங்க. அதுவரைக்கும் தள்ளிப் போடறேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பெயர், மரியா சித்லாலி. மனுவில் தெளிவாக எழுதியிருந்தது. தாமதக் கட்டணத்தைக் கையில் வைத்திருந்தார். நான் செய்ய வேண்டியிருந்தது அரை நிமிட வேலை: இரண்டு கட்டம், இரண்டு சொல், சிறு கையெழுத்து, தேதி.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். ‘இறந்த குழந்தைக்குப் பெயர் சேர்க்கலாமா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது.’ எங்கள் தொழிலில் முடிவெடுத்தால் பின்னால் கேள்வி வரும். கேள்வி கேட்டுவிட்டாலோ பின்னால் ஒன்றும் வராது. பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. இறந்த குழந்தைக்குப் பெயர் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை. முன்மாதிரி இல்லாத காரியத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று தோன்றிற்று. கடிதம் மேலலுவலகத்துக்குப் போனது. அதுவும் எங்கள் தெருதான். நடுவில் ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் நிறுத்துமிடம்.

“எத்தினி நாள் ஆகும்?”

“வந்ததும் தகவல் அனுப்புவோம்.”

“அனுப்ப வேணாம். நானே வர்றேன்.”

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி வந்தார். அதற்கடுத்த மாதமும். விடுமுறை என்றால் மறுநாள். வருடங்கள் போகப் போக, எங்கள் பிரிவில் நாட்காட்டி பார்க்காமலே பத்தொன்பது தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு பழக்கம். வரிசையில் நிற்கும் யாரையும் பெயர் கேட்காமல் விட மாட்டார். கைக்குழந்தையோடு நிற்கும் அப்பனைப் பிடித்துக்கொண்டு, “இன்னா பேரு வெச்சிருக்க?” என்பார். அவன் எண் கணிதக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டுவான். எழுத்துகள் இரண்டிரண்டாகக் குவிந்த ஏதோ ஒன்று இருக்கும்.

“இது எங்கேந்து வந்துது?”

“தெரியலைங்க. கூட்டுத்தொகை அஞ்சு வருது.”

“அஞ்சா? பொண்ணுக்குப் பேரா, வீட்டுக்கு நம்பரா?”

அவன் கோபிக்கலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் நிற்பான். அதற்குள் அவர் மெக்சிகோவுக்குப் போயிருப்பார். அவர் ஊரில் பழைய காலத்தில் பெயருக்கு அலைய வேண்டியதில்லையாம். சமையலறையில் கிழிக்கிற நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு தேதியின் கீழும் அன்றைய புனிதரின் பெயர் அச்சிட்டிருக்கும். குழந்தை எந்த நாளில் பிறந்ததோ அந்த நாளின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அன்றைய பெயரென்று நினைத்து, பிள்ளைக்குப் ‘புரட்சி ஆண்டு விழா’ என்று வைத்துவிட்டதாக அவர்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்களாம். “அந்த ஊர் குமாஸ்தாவும் கேக்காம எழுதிட்டான்” என்று முடித்துவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்.

எங்களுக்கும் பெயர் வைத்தார். கூட்டிப் பெருக்க வருகிற பெண் வேண்டும்போது கிடைக்க மாட்டாள். அவளுக்கு மிலாக்ரோஸ், அற்புதங்கள். எதிர் மேசையில் இருந்த இளநிலை எழுத்தர் விஜயா எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுப்பாள். அவளுக்கு சொக்கோரோ, உதவி. இவையெல்லாம் மாதாவின் பட்டப்பெயர்கள். உதவி மாதா, அற்புத மாதா, மருந்து மாதா. பட்டத்தை மட்டும் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள்.

“சாருக்கு இன்னா பேரு மதாம்?” என்று விஜயா கேட்டாள்.

“சொலெதாத். தனிமை. ஆனா அது பொம்பளப் பேரு. சாருக்குப் பேரு இல்ல, கோடுதான்.”

அன்று பிரிவே சிரித்தது. நானும் சிரித்ததாக ஞாபகம்.

எனக்கு ஆங்கிலத்தில் இலக்கியம் படித்த கர்வம் கொஞ்சம் உண்டு. ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தேன். தொலோரெஸ் என்று ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். வலிகள் என்று அர்த்தமாம். அங்குஸ்தியாஸ் என்றும் பெண்களுக்கு வைப்பார்களாம், வேதனைகள்.

“பெத்த புள்ளைக்கு யாராவது வலின்னு பேர் வெப்பாங்களா மதாம்?” என்றேன்.

அவர் வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவியைக் காட்டினார். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பேரனின் சான்றிதழுக்கு வந்தவர். “அம்மா, உன் பேரு இன்னா, சாருக்குச் சொல்லு.”

“போதும்பொண்ணுங்க.”

“உன் தங்கச்சி பேரு?”

“வேண்டாம்.” கிழவி சாதாரணமாகச் சொன்னார். “எங்கப்பாருக்கு அஞ்சும் பொண்ணாப் பூடுச்சி.”

மதாம் என் பக்கம் திரும்பினார். “எங்க ஊர்ல வலின்னு வெச்சா அது மாதாவோட வலி சார். மகன் செத்த வலி. பொண்ணு மேல பழி இல்ல. உங்க ஊர்ல பொண்ணேதான் வலி.”

வேண்டாம் என்ற பெயரை என் கையாலேயே எத்தனையோ முறை நகலெடுத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து மேலலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பதில் அல்ல, கேள்வி. குடும்பத்தின் மதம் கிறிஸ்தவம் என்று பதிவாகியிருக்கிறது. சித்லாலி என்பது கிறிஸ்தவப் பெயராகத் தெரியவில்லை. அது எம்மொழிப் பெயர், பெண்பாலுக்கு உரியதா, அதன் பண்பாட்டுத் தோற்றம் யாது என்று ஆதாரத்தோடு தெரிவிக்கவும். சட்டத்தில் இப்படிக் கேட்க இடமே இல்லை. ஊரில் பாதிப் பேர் எண் கணிதக்காரரின் சீட்டை நீட்டுகிறார்கள், நாங்கள் தோற்றம் கேட்பதில்லை. இதை நான் ஒரு வரியில் எழுதித் திருப்பியிருக்கலாம். கேள்வியை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை நாளில் எங்கள் தரப்பிலிருந்து அந்தப் பெயரைப் பற்றி ஒருவர் ஏதோ கேட்டது அதுதான் முதல்முறை.

அடுத்த பத்தொன்பதாம் தேதி ஒரு நீளமான கோடு போட்ட நோட்டோடு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவர் சொல்லச் சொல்ல விஜயா தமிழில் எழுதினாள். பல மாதம் நடந்தது. ‘இணைப்பு ஒன்று: மெக்சிகோ நாட்டுப் பெண்களின் பெயர்களும் அவற்றின் தோற்றமும்’ என்று தலைப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். நடைமுறை தெரிந்தவன் செய்த உதவி.

அந்த நோட்டை நான் முழுக்கப் படித்தேன். மேலே யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். முதல் பக்கம் குவாதலூப்பே. டிசம்பர் பன்னிரண்டு அந்த மாதாவின் திருநாள். அன்றைக்குப் பிறந்த பெண்ணுக்கு வேறு பெயர் தேடுவது அபூர்வம். வீட்டில் லூப்பே, லுப்பீத்தா. அந்தச் சொல் ஸ்பெயினில் ஓர் ஆற்றின் பெயர், அதற்கும் முன்னால் அதன் முதல் பாதி அரபி. ‘ஆகவே எங்கள் மாதா பாதி முஸ்லிம்’ என்று அவர் சொன்னதையும் விஜயா அப்படியே எழுதிவைத்திருந்தாள். அந்த வரியை நான் அடித்துவிட்டேன். பிறகு ஸ்பானியர் வருவதற்கு முந்தைய பெயர்கள். நாவாத்தில் என்று அங்கே ஒரு பழைய மொழி; அதில் சோச்சில் என்றால் பூ. அவர்களுடைய இறந்தோர் திருநாளுக்கு வைக்கும் பூவின் பெயருக்குள்ளும் அந்தச் சொல் இருக்கிறது. அந்தப் பூ எதுவென்று பார்த்தால் நம் துலுக்கச் சாமந்தி. அங்கிருந்துதான் இங்கே வந்ததாம். சபொதேக் மொழியில் நயேலி, உன்னை நேசிக்கிறேன். ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்துவிடுகிறார்கள். மாயா மக்களின் நிலாத் தெய்வம் இஷ்செல். புரேபெச்சா மொழியில் எரான்தி, விடியல். தொலைக்காட்சி நடிகைகளின் பெயர்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது; ‘இவற்றின் தோற்றம்: மாலை ஏழு மணித் தொடர்’ என்று எழுதியிருந்தது. அதை நான் அடிக்கவில்லை.

நடுவில் ஒரு பக்கம் வேறு மாதிரி இருந்தது. பாதிரிமார் வந்த புதிதில் ஊர் ஊராகக் கூட்டி நிறுத்தித் தண்ணீர் தெளித்தபோது, ஒரே நாளில் வந்த பெண்களுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து அனுப்பினார்களாம். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆகவேதான் இன்றைக்கும் சில குடும்பங்களில் இரண்டு பெயர்: முதலாவது கோயிலுக்கு, இரண்டாவது வீட்டுக்கு. மரியா, கோயிலுக்கு. சித்லாலி, வீட்டுக்கு. நாவாத்தில் மொழியில் நட்சத்திரம். ‘குழந்தை பிறந்தபோது ஜன்னலில் ஒரே ஒரு நட்சத்திரம் மிச்சம் இருந்தது. பெண்பால்தான்’ என்று அந்தப் பக்கம் முடிந்தது.

அவரிடம் எங்கள் ஊர்க் கதையையும் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சாதிச் சட்டத்தை விட்டுவிட்டு அவர்கள் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர் கணவரின் குடும்பப் பெயரும் அப்படி எத்தா சிவில் என்ற அந்தக் காலப் பதிவு அலுவலகத்தில் ஏதோ ஓர் எழுத்தர் ஏட்டில் ஏற்றியதுதான். அவர் வெகுநேரம் சிரித்தார். “அப்ப எங்க ரெண்டு வீட்டுக்கும் பேரு வெச்சது குமாஸ்தாதான். எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா சார் கஷ்டம்?”

நோட்டு மேலே போனது. மொழிபெயர்ப்பைச் சான்றொப்பம் இட்டு அனுப்பவும் என்று ஒரு தாள் வந்தது. ஸ்பானிய மொழிக்குச் சான்றொப்பம் இடுபவர் ஊரில் யார்? தேடிப் பிடித்து வாங்கி வந்தார். பிறகு, கோப்பு இடமாற்றத்தில் கிடைக்கவில்லை, நகல் அனுப்பவும் என்று ஒரு தாள். நகல் போனது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவத்தியோடு கல்லறையில் இருக்கும். ஒருமுறை என் நண்பர் ஒருவரின் குடும்பக் கல்லறைக்குப் போனபோது மதாமைப் பார்த்தேன். குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு முழ நீள மண்மேடு, சுற்றிக் கடற்சிப்பிகள், மேலே துலுக்கச் சாமந்தி. அந்த மண்ணின்மேல் கோலமாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் மாவை நம் பெண்களைப் போலவே ஒழுகவிட்டு, தமிழில் ஒரு வரி, அவர் எழுத்தில் ஒரு வரி. ஐப்பசி மாதம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. ‘மரியா’ முதலில் போனது.

“ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் சார். எழுதுவேன், மழை வந்து படிச்சிட்டுப் போயிடும்.”

கல்லறைக்காரர் சற்றுத் தள்ளி நின்றார். பக்கத்துக் குழிகள் இரண்டு புதிதாகத் தோண்டி மூடியிருந்தன. “இந்த வருஷமும் தள்ளிட்டேன் மதாம். எத்தினி வருஷம் தள்ளுவேன்னு தெரியல” என்றார்.

நான் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, கைக்கடிகாரம். என் இருக்கை கடைசியில் விஜயாவுக்கு வந்தது. பிரிவின் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். கருவடிக்குப்பத்தில் நான் கட்டிய வீட்டில் அடுத்த பத்தொன்பதாம் தேதி மாலை வாசல் மணி அடித்தது. மதாம் ஆட்டோவில் வந்திருந்தார்.

“நீங்க எழுதுன கேள்வி சார். அதுக்குப் பதில் வாங்குறதுக்கு மனுவும் நீங்களே எழுதிக் குடுங்க.”

எழுதினேன். நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்று, மேல்முறையீடு ஒன்று. ‘கோப்பு பரிசீலனையில் உள்ளது’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரி. என் மொழிநடையே திரும்பி வந்ததால் குறை சொல்லவும் முடியவில்லை.

அவர் மெலிந்துகொண்டே வந்தார். பின்னல் கைவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. வயிற்றில் கட்டி என்று விஜயா சொல்லித்தான் தெரியும், அவராகச் சொல்லவில்லை. ஒரு மாலை நான் மனுவில் கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

“அந்தக் கோடும் நீங்க போட்டதுதான?”

பேனாவை வைத்தேன்.

“ரெண்டு கட்டத்துலயும் ஒரே நீளம். ஸ்கேல் வெச்சு. உங்க ஆபீஸ்ல வேற யாரு ஸ்கேல் வெக்கிறாங்க?”

ஒப்புக்கொண்டேன். அன்று ஜன்னலில் நான்தான் இருந்தேன். சொல்தா விறைப்பாக நின்றிருந்தார், அணிவகுப்பில் நிற்பதுபோல. குழந்தையின் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த படிவம் இறப்புக்கு என்று கண்ணில் பட்டது. “குழந்தை இல்லைல்ல?” என்றேன். “இல்ல” என்றார். “அப்ப பேர் எதுக்கு, விடுங்க” என்று சொல்லிக் கோடு போட்டேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது. வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

“எப்பலேந்து தெரியும் மதாம்?”

“மொத நாளு.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் என்கிட்டயே வந்தீங்க?”

“போட்டவருதான சார் எடுக்கணும்.”

குரலில் காரம் இல்லை. மீன்காரப் பெண்களிடம் கற்ற வசவில் ஒன்றையாவது எடுத்து வீசியிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

எழுந்து போகும்போது, “இனி அவசரம் இல்ல. எனக்குப் பேப்பர்லாம் சரியா இருக்கு. நான் போனா எம் பொண்ணு குழியத் தொறந்து என்னை மேல வெக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் அந்த எடத்த யாரும் தோண்ட மாட்டாங்க” என்றார். வீட்டுக்குக் குழாய் இணைப்பு மாற்றுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். “பேருதான் பாக்கி. அது உங்க வேல.”

ஆகஸ்டில் போனார். அவர் சொன்னபடியே செய்தார்கள். சிப்பிகளை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தோண்டினார்கள். கல்லறைக்காரர் கொஞ்ச ஆழத்துக்குப் பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை அள்ளினார். கல் வைக்கும்போது நானும் போயிருந்தேன். சான்றிதழ் முறையாக இருந்தது. அவர் முழுப் பெயரையும் வெட்டினார்கள். கல்தச்சர் அடியில் சிலுவைக்கு அடையாளம் போட்டபோது சொல்தா, “கீழ ஒரு வரி விடு” என்றார். அவர் பேசி நான் கேட்டது அது இரண்டாவது முறை. முதலாவது, ‘இல்ல.’

குழந்தை பதிவான தேதியிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து வருடம் அந்த அக்டோபர் இருபதோடு முடிகிறது. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி நான் போய் ஜன்னலில் நின்றேன். பதில் வரவில்லை. அக்டோபர் பதினேழாம் தேதி மறுபடி போனேன். ஜன்னலில் நிற்காமல் உள்ளே போனேன். விஜயா எழுந்து நாற்காலி போட்டாள்.

“அந்தப் பதிவேட்ட எடும்மா.”

எடுத்து வைத்தாள். பக்கம் அவளுக்கும் மனப்பாடம்தான்.

“மனு இருக்கு, கட்டணம் கட்டியிருக்கு, அப்பா இருக்காரு. பதினாலாம் பிரிவு போதும். எழுது. அரை நிமிஷம்.”

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் பேனாவைத் தொடவில்லை.

“அன்னைக்கே நீங்க எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும் சார். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க மேல கேட்டுட்டீங்க. கேட்டதுக்கப்புறம் பதில் வராம நான் எழுதுனா, ஏன் எழுதுனேன்னு என்னைக் கேப்பாங்க. இதையும் நீங்கதான சார் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகவே கற்றிருந்தாள்.

“பேனாவ என்கிட்ட குடு.”

“நீங்க ரிட்டையர்டு சார்.”

அதுவும் சரி. பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். மேலலுவலகத்தின் மாடி ஜன்னல் அங்கிருந்து தெரியும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து மதிய நேரத்தில் தொலைபேசி வந்தது.

“சார், பதில் வந்துடுச்சு.”

“படி.”

படித்தாள். ‘இறந்த குழந்தைக்குப் பெயர் சேர்க்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. இப்பொருளில் தெளிவுரை தேவையற்றது. பதிவாளரே தம்மளவில் முடிவெடுத்திருக்கலாம். பதினைந்து ஆண்டுக் காலவரம்புக்குள் பெயரைச் சேர்த்துக் கோப்பை முடிக்கவும். இணைப்பான நோட்டு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.’

“கையெழுத்து என்னைக்குப் போட்டிருக்காங்க?”

“பதினாறு, சார்.”

நான் டீக்கடையில் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு முந்தைய நாள்.

“நமக்கு வந்த தேதி?”

தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பின்பக்கத்தில் எங்கள் அலுவலகத்தின் ஊதா முத்திரை இருக்கும். அதை வலது மேல் மூலையில் குத்த வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தியவன் நான்.

“அக்டோபர் இருபத்து மூணு, சார்.”